கோழி ஏன் செத்தது? கேளுங்க குட்டீஸ்!

உங்க வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறீர்களா? கிராமத்தில் இருப்பவர்கள் 'ஓ... பத்து இருக்கே!' என்பீர்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பாட்டி வீட்டுக் கோழிகளாவது ஞாபகம் வரும். நம் கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணாகிராமம் வட்டாரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். பலா மரத்தடியிலும், கரும்புத் தோட்ட ஓரத்திலும், மல்லாட்டை காயப் போட்ட களத்திலும் கோழிகள் கிளறிக் கொண்டே இருக்கும்.

இப்படி ஓடியாடித் திரிந்த கோழி ஒன்று, ஒரு நாள் காலையில் கூடையைத் திறந்தால் விறைத்துக் கிடக்கிறது என்று வைத்துக் கொள்வோம். முதல் நாள் சாயங்காலம் கூட நன்றாகத் தீனி தின்றது. எப்படிச் செத்தது?

இந்தக் கேள்வியை வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பதில் வரும்.

'யாரோ கண்ணு வெச்சுட்டாங்க' என்பார் பாட்டி.

'வெயில் தாங்காம போயிடுச்சு' என்பார் தாத்தா.

'பக்கத்து வீட்டுக்காரங்கதான் மருந்து வெச்சிருப்பாங்க. போன வாரம்தானே அவங்க கீரையைக் கோழி கொத்துதுன்னு சண்டைக்கு வந்தாங்க' என்பார் அத்தை.

'விடு, கோழிதானே... தூக்கி ஏரிப் பக்கம் போட்டுட்டு வா' என்பார் மாமா.

நாலு பதில், ஆனால், நாலு பேரில் ஒருவர் கூட கோழியைச் சரியாகப் பார்க்கவே இல்லை!

இதுதான் தப்பு என்கிறேன் நான். ஒரு கோழி திடீரென்று செத்தால், அது ஏன் செத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'கோழிதானே' என்று விடக் கூடாது. அதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, மீதிக் கோழிகள். செத்தது ஒன்று, ஆனால், அதே தண்ணீரைக் குடித்து, அதே கூடையில் தூங்கிய ஒன்பது உயிரோடு இருக்கின்றன. காரணம் தெரிந்தால்தான் அவற்றைக் காப்பாற்ற முடியும்.

இரண்டாவது, மனிதர்கள். கோழிக்கு வரும் சில நோய்கள் நமக்கும் வரலாம்.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரர். அவர் மருந்து வைக்கவே இல்லை என்றால்? செய்யாத குற்றத்துக்கு அவர் ஏன் பேச்சு வாங்க வேண்டும்? ஒரு கோழிக்காக இரண்டு குடும்பங்கள் வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பதெல்லாம் கிராமங்களில் நடக்கிறது. உண்மையைத் தேடாமல் தீர்ப்புச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

துப்பறிவோமா?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? போலீஸ் நாய் எல்லாம் வேண்டாம். உங்கள் கண்களும், ஒரு நோட்டும், பேனாவும் போதும். முக்கியமான ஒரு நிபந்தனை: செத்த கோழியை நீங்கள் தொடக் கூடாது. தள்ளி நின்று பாருங்கள். தூக்கி எடுப்பது பெரியவர்கள் வேலை. அவர்களும் வெறும் கையால் தொடாமல், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக் கொண்டு தூக்கி, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

என்னென்ன பார்க்கலாம்?

* கழுத்தில் கடித்த காயம், ரத்தம், சிதறிய இறகுகள் இருக்கின்றனவா? அப்படியானால் கீரிப்பிள்ளை, காட்டுப்பூனை, தெருநாய் மீது சந்தேகம் வரலாம்.

* எச்சம் எப்படி இருக்கிறது? வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்திருந்தால், வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்கலாம். குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் கலந்திருந்தால், ரத்தக் கழிச்சல் நோயாக இருக்கலாம்.

* சாவதற்கு முன் கழுத்தை முறுக்கிக் கொண்டதா? காலோ, இறக்கையோ இழுத்துக் கொண்டதா? வாயைத் திறந்து மூச்சு வாங்கியதா?

* சித்திரை, வைகாசி வெயிலா? கோழிக்கு வியர்வைச் சுரப்பிகளே கிடையாது தெரியுமா? அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே சுமார் 41 டிகிரி செல்சியஸ். வாயைத் திறந்து இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். காற்று வராத தகரக் கொட்டகையில், தண்ணீர் இல்லாமல் அடைத்து வைத்தால் உயிரே போய்விடும்.

* பக்கத்து வயலில் பூச்சி மருந்து அடித்தார்களா? மருந்து கலந்த விதையை விதைத்தார்களா? வீட்டில் எலி மருந்து வைத்தார்களா? யாரும் வேண்டுமென்று வைக்காமலே கோழி விஷத்தைத் தின்றிருக்கலாம்!

* நேற்று என்ன தீனி போட்டீர்கள்? புதிதாக மூட்டை பிரித்தீர்களா? பூஞ்சை பிடித்திருந்ததா?

* சந்தையிலிருந்து சமீபத்தில் புதுக்கோழி வாங்கி வந்து, மற்றவற்றோடு விட்டீர்களா?

* செத்தது ஒன்றா, இரண்டா? பக்கத்துத் தெருவிலும் சாகின்றனவா? காக்கைகள் செத்துக் கிடக்கின்றனவா?

இதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்தால், கால்நடை டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால், ஒன்றை மறக்காதீர்கள். இவை எல்லாம் துப்புகள்தான், தீர்ப்பு அல்ல. வெளியே பார்த்து முடிவு சொல்ல முடியாத நோய்கள் நிறைய உண்டு. கோழியை அறுத்து, உள்ளே பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். வெள்ளைக் கழிச்சல் என்றால், இரைப்பையின் உட்சுவரில் ஊசி முனை அளவுக்கு ரத்தப் புள்ளிகள் தெரியலாம். விஷம் என்று சந்தேகம் வந்தால், தீனிப்பையில் இருப்பதை எடுத்துச் சோதிப்பார்கள்.

ராணிக்கெட்டும் ராணிப்பேட்டையும்!

கிராமத்தில் 'கோழிச் சீக்கு' வந்து தெருவே காலியாகிவிட்டது என்று கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது வெள்ளைக் கழிச்சல் நோய். இதற்கு 'ராணிக்கெட் நோய்' என்று இன்னொரு பெயர் உண்டு. யார் அந்த ராணி என்று கேட்கிறீர்களா? ராணி இல்லை, அது ஓர் ஊர்! இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தில் அல்மோரா மாவட்டத்தில் இருக்கும் மலை நகரம். 1920களின் பிற்பகுதியில், இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அங்கேதான். அதே காலகட்டத்தில், 1926ல், இந்தோனேசியாவின் ஜாவா தீவிலும், இங்கிலாந்தில் நியூகேசில் என்ற ஊரிலும் இந்த நோய் தெரிய வந்தது. அதனால் வெளிநாடுகளில் இதை 'நியூகேசில் நோய்' என்கிறார்கள்.

இது ஒரு வைரஸ் நோய். நோய் வந்த கோழியின் எச்சம், மூக்கு நீர், அது வாய் வைத்த தண்ணீர், தீனி, நம் செருப்பு என்று எல்லாவற்றிலும் ஒட்டிக் கொண்டு பரவும். தடுப்பூசி போடாத கோழிகளுக்குக் கடுமையான வகை வந்துவிட்டால், வீட்டில் உள்ள கோழிகள் ஏறக்குறைய அத்தனையும் செத்துவிடலாம். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனால், வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது.

அந்தத் தடுப்பூசி எங்கே தயாராகிறது தெரியுமா? நம் தமிழ்நாட்டில், ராணிப்பேட்டையில்! 1932ல் இருந்து அங்கே கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இயங்குகிறது. நோய்க்குப் பெயர் கொடுத்தது ராணிக்கெட். தடுப்பூசி கொடுப்பது ராணிப்பேட்டை. பொது அறிவுப் போட்டியில் கேட்டால் அசத்துங்கள்!

குஞ்சு பொரித்து ஒரு வாரம் ஆனதும் கண்ணிலோ, மூக்கிலோ சொட்டு மருந்து விடுவார்கள். எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி போடுவார்கள். வெயில் காலம் தொடங்கும் முன், பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை கிராமங்களில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்களும் நடத்துகிறது. கட்டணம் இல்லை. கோழிகளைப் பிடித்துக் கொண்டு போக வேண்டியது மட்டும்தான் நம் வேலை.

பாட்டி சீரகம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருண்டை கொடுப்பாரே, அது போதாதா என்று கேட்கலாம். பாட்டி அன்போடு கொடுப்பதைக் கொடுக்கட்டும். ஆனால், அது தடுப்பூசிக்கு மாற்று இல்லை.

தப்பாக நினைத்தால் என்ன ஆகும்?

'அதான் தெரிஞ்சு போச்சே... கோழிச் சீக்குன்னா வெள்ளைக் கழிச்சல்தான். இதுக்கு எதுக்கு டாக்டர்?' என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்லுங்கள்.

2006ல் மகாராஷ்டிரா மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தில், நவாப்பூர் என்ற ஊரில் பண்ணைக் கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. 'ராணிக்கெட் நோய்தான்' என்றே அங்கே பலரும் முதலில் சொன்னார்கள். மாதிரிகளை எடுத்து, போபாலில் இருக்கும் உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பிப்ரவரி 18ம் தேதி முடிவு அறிவிக்கப்பட்டது. அது ராணிக்கெட் இல்லை, பறவைக் காய்ச்சல்! இந்தியக் கோழிகளில் அந்த நோய் உறுதி செய்யப்பட்டது அதுதான் முதல் முறை.

இரண்டு நோய்களும் வெளியே பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். ஆனால், பறவைக் காய்ச்சல் அபூர்வமாக மனிதர்களுக்கும் தொற்றி, உயிரையே பறிக்கக் கூடியது. ஆய்வகம் சொன்ன பிறகுதான் சுற்றுவட்டாரக் கோழிகளை அழித்து, நோய் மேலும் பரவாமல் தடுக்கும் வேலை தொடங்கியது. சோதிக்காமலே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோழி சொன்ன ரகசியம்!

கோழிக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டதால், மனிதர்களுக்கே ஒரு பெரிய நன்மை கிடைத்த கதை தெரியுமா?

19ம் நூற்றாண்டின் இறுதி. ஜாவா தீவில், இன்று ஜகார்த்தா என்று அழைக்கப்படும் நகரில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு டாக்டர் வேலை பார்த்தார். அங்கே 'பெரிபெரி' என்ற நோயால் ஏராளமானவர்கள் கால் செயலிழந்து இறந்து கொண்டிருந்தனர். எந்தக் கிருமி காரணம் என்று அவர் தேடிக் கொண்டிருந்தார். அப்போது ஆய்வகத்தில் வளர்த்த கோழிகளும் தள்ளாடி விழ ஆரம்பித்தன. சில மாதங்கள் கழித்து, திடீரென்று கோழிகள் தேறிவிட்டன!

வேறு யாராவது இருந்தால், 'நல்லா ஆயிடுச்சா, சரி' என்று போயிருப்பார்கள். எய்க்மான் தீனியை விசாரித்தார். கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், 'ராணுவத்து அரிசியைக் கோழிக்குத் தர மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். அதனால் தீட்டாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள். கோழிகள் பிழைத்துவிட்டன!

அரிசியின் தவிட்டில் உள்ள ஏதோ ஒன்று உயிர் காக்கிறது என்பது அங்கிருந்து தெரிய வந்தது. அதுதான் பிறகு 'வைட்டமின் பி1' என்று பெயர் பெற்றது. 1929ல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டில் கோழிக்குப் போடுகிறோமே தவிடு, அதற்குள் இவ்வளவு பெரிய விஷயம்!

இன்னொரு கதை, மல்லாட்டை விளையும் நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டியது. 1960ல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. என்ன நோய் என்றே தெரியவில்லை. அதனால், 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கிருமியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் தீனியைச் சோதித்தார்கள். பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் ஒரு பூஞ்சை இருந்தது. அது உண்டாக்கிய நஞ்சுதான் வான்கோழிகளைக் கொன்றது. அந்த நஞ்சுக்கு 'அஃப்ளாடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள். மனிதர்களின் கல்லீரலையும் அது பாதிக்கும் என்று பிறகு தெரிந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் நிலக்கடலையையும், மக்காச்சோளத்தையும் இந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதித்து விற்கிறார்கள் என்றால், அதற்கு அந்த வான்கோழி விசாரணைதான் காரணம்.

ஆகவே, பூஞ்சை பிடித்த மல்லாட்டையை 'கோழிக்குப் போடு' என்று யாராவது சொன்னால், 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். நமக்கு ஆகாதது கோழிக்கும் ஆகாது.

'இதுக்கெல்லாமா டாக்டர்?'

'ஒரு கோழிக்காக வேலையை விட்டுட்டு அலைய முடியுமா? கோழி விலையை விட பஸ் செலவு அதிகம்' என்று அப்பா சொல்லலாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கழுத்தில் கீரி கடித்த காயம் தெளிவாகத் தெரிந்தால், ஆய்வகம் எதற்கு? கூடையைச் சரியாக மூடினால் போதும். ஆனால், காயம் எதுவும் இல்லாமல் திடீரென்று செத்தால், அதிலும் இரண்டாவது கோழியும் சுருண்டு உட்கார்ந்தால், அப்போது பஸ் செலவைப் பார்க்கக் கூடாது. மீதிக் கோழிகளின் விலை, அவை இடப் போகும் முட்டையின் விலை எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட்டு அப்பாவிடம் காட்டுங்கள். நீங்கள்தான் கணக்கில் புலி ஆயிற்றே!

இன்னும் இரண்டு பழக்கங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

சீக்கு வந்ததும், 'மீதி சாகறதுக்குள்ள சந்தைக்குக் கொண்டு போய் வித்துடலாம்' என்று சிலர் ஓடுவார்கள். அதை வாங்குபவர் யார்? பக்கத்து ஊரில் உங்களைப் போலவே கோழி வளர்க்கும் ஒரு குடும்பம். கோழியோடு சேர்த்து நோயையும் விற்கிறோம். அது நியாயமா? இன்னும் சிலர், 'சூடு ஆறுறதுக்குள்ள குழம்பு வெச்சுடலாம்' என்பார்கள். ஏன் செத்தது என்றே தெரியாத கோழியைத் தின்பது ஆபத்து. விஷம் தின்று செத்திருந்தால், கொதிக்க வைத்தாலும் சில விஷங்கள் போகாது.

செத்ததை ஏரியிலும், வாய்க்காலிலும், சாலை ஓரத்திலும் வீசுவதும் தப்புதான். நாய் இழுத்துக் கொண்டு போகும். காக்கை கொத்திக் கொண்டு போகும். நோய் ஊரெல்லாம் சுற்றும். 2009ல் நாடாளுமன்றம் இயற்றிய விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், நோயால் இறந்த உடலை ஆற்றிலும் ஏரியிலும் போடக் கூடாது என்கிறது. நோய் என்று சந்தேகம் வந்தால் ஊர் அதிகாரியிடமோ, ஊராட்சியிலோ தெரிவிக்க வேண்டியது வளர்ப்பவரின் கடமை என்றும் சொல்கிறது.

என்ன செய்யலாம்?

1. செத்த கோழியையும், நோய்வாய்ப்பட்ட கோழியையும் மற்றவற்றிடமிருந்து உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

2. பக்கத்தில் உள்ள கால்நடை மருந்தகத்தில் சொல்லச் சொல்லுங்கள். 1962 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். மாவட்டத்தில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. பெயரைப் பாருங்கள், புலனாய்வு! கால்நடைகளுக்கான துப்பறியும் பிரிவேதான். உள்ளூர் டாக்டர் தேவைப்பட்டால் மாதிரியை அங்கே அனுப்புவார்.

3. டாக்டர் கோழியைக் கொண்டு வரச் சொன்னால், பெரியவர்கள் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, சுற்றிலும் ஐஸ் கட்டி வைத்து, அன்றைக்கே கொண்டு போக வேண்டும். ஐஸ் பெட்டியில் உறைய வைக்கக் கூடாது, உள்ளுறுப்புகள் கெட்டுவிடும். வீட்டுப் பிரிட்ஜில் சாப்பாட்டோடு வைக்கவே கூடாது.

4. பரிசோதனை தேவையில்லை என்று டாக்டர் சொன்னால், கிணறு, வாய்க்காலிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

5. நிறைய கோழிகள் ஒரே நேரத்தில் செத்தால், பக்கத்தில் போகவே போகாதீர்கள். தகவல் சொல்வது மட்டும் போதும். அப்படிச் செத்த கோழிகளைக் கையாண்ட யாருக்காவது பிறகு காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் கோழி விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

6. காரணம் தெரிந்ததும், பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். முக்கியமாக, நீங்கள் சந்தேகப்பட்ட அந்தப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் கோழிகள் இருக்கும் இல்லையா?

2019ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இருக்கும் சுமார் 85 கோடி கோழியினங்களில், 12 கோடிக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. நாட்டிலேயே அதிகம்! பெரிய பண்ணைகளில் ஒரு கோழி சுருண்டாலே டாக்டர் வந்துவிடுவார். நம் வீட்டு நாலு கோழிக்கு யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம். ஓர் அம்மா முட்டை விற்றுச் சேர்க்கும் காசில்தான் பல வீடுகளில் நோட்டும் பேனாவும் வருகின்றன. அந்த நாலு கோழி அந்த வீட்டுக்குப் பெரிய பண்ணைதான்.

எனவே குட்டீஸ், இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பழைய நோட்டை எடுத்து, 'எங்கள் வீட்டுக் கோழிகள்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு கோழிக்கும் ஒரு வரி: நிறம், பொரித்த மாதம், தடுப்பூசி போட்ட தேதி. தேதி எழுத முடியாமல் இடம் காலியாக இருந்தால், அடுத்து எந்த நாளில் தடுப்பூசி போடுகிறார்கள் என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு வரச் சொல்லி, வீட்டில் நச்சரியுங்கள்!